பத்து மீற்றர் ஆழத்தில் புல்மோட்டை பஸ்

இறக்கக்கண்டிப் பாலத்தைக் கடந்து நிலாவெளிப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கையில் ஒரு பை. அதற்குள் உடுக்க இரண்டு சாரம், ஒரு சேட், வெளியே தொங்கவிட்டபடி தண்ணீருக்கடியில் பார்க்கப் போடும் கண்ணாடி. எல்லாம் ஏற்கனவே நனைந்தவைதான், அதனால் நான் எங்கும் ஒதுங்கவில்லை. வாடைக்காற்று தொடங்கிவிட்டது. படகுகளைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டார்கள். படகுகளின் சொந்தக்காரரான சம்மாட்டி, "தை பிறந்தாப்போல வா" என்றார். சரி என்றேன். தை மாதம் நான் எந்த ஊரில் நிற்பேன் என்று எனக்கும் தெரியாது, அது அவருக்கும் தெரியும்.

அவரிடம் ஆறு மாதம் கடலட்டை பிடித்தேன். சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு அடிக்குப் போய், மணலில் கிடக்கும் அட்டையைப் பொறுக்கி வலைப்பையில் போடும் வேலை. கலங்கிய தண்ணீரில் கண்ணைவிடக் கைதான் அதிகம் பார்க்கும். இடது காது மந்தமானது அந்த வேலையில்தான். என்னோடு இறங்கிய ஒருவன் அவசரமாக மேலே வந்ததில் கால் விளங்காமல் போய், இப்போது மூதூரில் கடை வைத்திருக்கிறான். கடை நன்றாக ஓடுகிறது என்று கேள்வி.

அந்தப் படகில் எனக்கு 'ஒட்டகம்' என்று பெயர். மற்றவர்கள் ஒரு சிலிண்டரை முடிக்கும் நேரத்தில் நான் அரைவாசிகூட முடிக்கமாட்டேன். ஒரு மூச்சை இழுத்தால் உள்ளே பூட்டிவைத்து, இனி ஏலாது என்ற இடத்தில்தான் விடுவேன். காற்றை மிச்சம் பிடிப்பவன்தான் நல்ல சுழியோடி என்பது அங்கே எழுதாத சட்டம். "காத்தைக் குடிக்காதையடா, பொறுக்கிற வேலையைப் பார்" என்று சம்மாட்டி மற்றவர்களை ஏசும்போதெல்லாம் என்னைத்தான் காட்டுவார். பள்ளிக்கூடத்தில் யாரும் என்னை அப்படிக் காட்டியதில்லை. அதனால் அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

நிலாவெளிச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் ஏறினேன். கடைக்காரர் பைக்கு வெளியே தொங்கிய கண்ணாடியைப் பார்த்தார்.

"எங்க மகன், மழையோட மழையா?"

"டவுனுக்கு."

"டவுனில என்ன?"

"தெரியாது. போய்த்தான் பார்க்கவேணும்."

"சுழியோடியோ?"

"ஓம்."

"அப்ப டவுனுக்குப் போகாத. அலஸ்தோட்டத்தில இறங்கு. வெளிநாட்டில இருந்து வந்த ஒருத்தர் அங்க வீட்டுக்குள்ள கடல் கட்டி வச்சிருக்கிறார்."

"வீட்டுக்குள்ளயோ?"

"ஓம். கூரை போட்ட கடல். அலை இல்ல, உப்பு இல்ல, மீனும் இல்ல. முன்னுக்கு இவ்வளவு பெரிய கடல் சும்மா கிடக்குது, சனம் போய்த் தொட்டிக்குள்ள இறங்குது. மாரிக்கு ஒரு ஆள் தேடுறாங்களாம்."

"என்ன வேலைக்கு?"

"தண்ணிக்குள்ள நிக்கிற வேலைக்காம்." அவர் தேத்தண்ணியை உயரத் தூக்கி ஆற்றினார். "எருமையும் அதைத்தான் செய்யுது. அதுக்கு ஒருத்தரும் சம்பளம் குடுக்கிறேல்ல."

றொட்டியை முடித்துக்கொண்டு வெளிக்கிட்டேன். அங்கேயிருந்து பஸ் இருக்கிறது, ஆனால் நான் நடந்தேன். நனைந்தவன் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், நடந்தால் மழைக்கு அந்தக் குணம் இல்லை.

அலஸ்தோட்டத்தில் கடைக்காரர் சொன்ன இடம் ஒரு காலத்தில் நெல்மூட்டை அடுக்கிய பெரிய களஞ்சியம். தகரக் கூரையில் மழை கல்லெறிவதுபோல் விழுந்துகொண்டிருந்தது. கதவைத் தள்ளி உள்ளே போனதும் சத்தம் மட்டும்தான் மழையாக இருந்தது, மற்றதெல்லாம் வேறு உலகம். நடுவில் ஒரு தொட்டி. குளிக்கும் தொட்டி அல்ல. ஓரத்தில் நின்று குனிந்தேன். வளர்ந்த தென்னை ஒன்றை நிமிர்த்தி வைத்தால் ஓலை மட்டும் வெளியே தெரியும், அவ்வளவு ஆழம். சுவரில் பதித்த விளக்குகளின் வெளிச்சத்தில் அடியில் இருந்த நீல ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்போல் இருந்தது. அடியில் ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரை இருந்தது. அதில் ஒருவர் உட்கார்ந்து பேப்பர் வாசித்தாலும் எழுத்துத் தெரியும் என்று நினைத்தேன்.

எட்டு வயதில் இருந்து தண்ணீரில் கிடக்கிறேன். தண்ணீரின் அடியை மேலே நின்று பார்த்தது அன்றுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சிரிக்கிறீங்க?"

கறுப்பு ரப்பர் உடுப்பு காலில் இருந்து கழுத்துவரை, அதே ரப்பரில் தலையையும் மூடியிருந்த ஒரு பெண்பிள்ளை கேட்டாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். கிண்ணியாப் பிள்ளை, மாலைதீவில் மூன்று வருடம் வெளிநாட்டுக்காரருக்குச் சுழியோடப் பழக்கிவிட்டு வந்தவள் என்று பிறகு தெரிந்தது. அந்த இடத்தில் எல்லோரும் அவளை மிஸ் என்றார்கள். என்னைவிடப் பத்து வயது இளையவள் என்றாலும் எனக்கும் வாயில் அதுதான் வந்தது.

"ஒண்டுமில்ல மிஸ். வேலை இருக்கெண்டு சொன்னாங்கள், அதான் வந்தனான்."

அவள் ஒரு படிவத்தை எடுத்தாள். அது இங்கிலீசில் இருந்தது. நான் அதைத் தலைகீழாகப் பிடிக்கவில்லை, ஆனால் நேராகப் பிடித்தும் பயனில்லை. அவள் அதைக் கவனித்துவிட்டு, படிவத்தைத் திருப்பி வாங்கி, தானே தமிழில் கேட்டாள்.

"நெஞ்சு வருத்தம் இருக்கா?"

"இல்ல."

"காது?"

"இடதுபக்கம் கொஞ்சம் மந்தம். குத்து இல்ல."

"கடைசியா எப்ப டொக்டரைக் கண்டீங்க அண்ணன்?"

"அவர் என்னைத் தேடேல்ல, நான் அவரைத் தேடேல்ல."

அவள் சிரிக்கவில்லை, ஆனால் எழுதும் கை நின்றுவிட்டது. பிறகு வேலையைச் சொன்னாள். மாரியில் கடலுக்குப் போக ஏலாது என்பதால் பழக வருகிறவர்கள் எல்லோரும் இந்தத் தொட்டிக்குத்தான் வருகிறார்கள். ஒருவருக்கு அவள் பாடம் சொல்லும்போது மற்றவரோடு அடியில் நிற்க ஒரு ஆள் வேண்டும். சாப்பாடு உண்டு, பம்பு அறையில் படுக்கலாம், மாசி முடியும்வரை வேலை. எனக்கு அந்த மாரியை எங்கே கழிப்பது என்பதற்கு வேறு விடை இருக்கவில்லை. இந்த வேலை வேண்டும் என்று அந்தக் கதிரையைப் பார்த்தபோதே முடிவெடுத்துவிட்டேன்.

"முதல்ல உங்களை ஒருக்கா அடியில பார்க்கோணும். சரியெண்டாத்தான் வேலை" என்றாள்.

தொட்டியின் மறுபக்கத்தில் ஏணியைப் பிடித்தபடி ஒருவர் மிதந்துகொண்டிருந்தார். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை செய்பவர், ஐம்பது வயது, நல்ல தொப்பை. ஓய்வுபெறுவதற்குமுன் கடலுக்கடியில் பவளப்பாறையைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு மாதமாக வருகிறாராம். மூன்று மீற்றருக்குக் கீழே போகமாட்டார், ஏணியையும் விடமாட்டார். "தம்பி, போய்ப் பார்த்திட்டு வந்து சொல்லும், கீழ ஒக்சிசன் இருக்குதோ எண்டு" என்றார்.

சிலிண்டரைக் கட்டி, காற்று வரும் ரெகுலேட்டரை வாயில் கடித்துக்கொண்டு இறங்கினேன். அந்த முதல் இறக்கத்தை எப்படிச் சொல்வது? தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. என் கை எனக்கே தெரிந்தது, விரல் தழும்புகூடத் தெரிந்தது. ஒரு பக்கச் சுவரில் இருந்து மறுபக்கச் சுவர்வரை நடுவில் ஒரு தூசி இல்லை. கடலில் அடி எப்போதும் திடீரென்று வந்து முட்டும். இங்கே அது பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தது. பிளாஸ்ரிக் கதிரையில் போய் உட்கார்ந்தேன். மேலே பார்த்தேன். மழைக் கூரை, விளக்கு, கச்சேரி ஐயாவின் வெள்ளைக் கால்கள், எல்லாம் ஒரு கண்ணாடித் தட்டில் ஆடின. ரெகுலேட்டருக்குள் மறுபடி சிரிப்பு வந்து, கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது.

மிஸ் எதிரே முழங்காலில் நின்று கையால் ஒவ்வொன்றாகக் காட்டினாள். கண்ணாடியைக் கழற்றி மறுபடி போட்டேன். ரெகுலேட்டரை விட்டுவிட்டுத் தேடி எடுத்தேன். என்னுடையதை அவளிடம் கொடுத்து, அவளுடையதில் மூச்சு வாங்கினேன். ஒன்றிலும் தடுமாறவில்லை. என் கெட்டித்தனம் எல்லாவற்றையும் காட்டவேண்டும் என்று இடையில் ஒட்டகத்தையும் அவிழ்த்துவிட்டேன். இழுத்த மூச்சைப் பூட்டிவைத்து அசையாமல் இருந்தேன். ஒரு குமிழி இல்லை. அவள் என்னையே உற்றுப் பார்த்தாள். கவனிக்கிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பிடித்தேன்.

அவள் பெருவிரலை மேலே காட்டினாள். மேலே போவோம் என்று அர்த்தம். பூட்டிய மூச்சோடு நான் எழும்பினேன். இரண்டு மீற்றர் போயிருக்க மாட்டேன், கணுக்காலை யாரோ பிடித்து இழுத்தார்கள். அடுத்ததாக வயிற்றில் ஒரு குத்து. 'புஸ்' என்று என் வாயில் இருந்து ஒரு மூட்டை குமிழி வெளியேறியது. அவள் என் பட்டியைப் பிடித்தபடி, நான் விடும் ஒவ்வொரு குமிழியையும் எண்ணுகிறவள்போல் பார்த்துக்கொண்டு, என்னை மெதுவாக மேலே கொண்டுவந்தாள்.

நான் ரெகுலேட்டரைத் துப்பிவிட்டு சிலிண்டரின் அழுத்தம் காட்டும் மானியைத் தூக்கிக் காட்டினேன்.

"பாருங்க மிஸ். தொட்டமாதிரியே இல்ல. காத்து முக்காலுக்கு மேல கிடக்கு."

பாராட்டுக்குத்தான் காத்திருந்தேன். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"நீங்க மூச்சை அடக்கிக்கொண்டு மேல வந்தனீங்க. காத்து உள்ளுக்க விரிஞ்சு நுரையீரல் கிழியும். தெரியுமா?"

"கடலில ஒவ்வொரு நாளும் அப்பிடித்தான் மிஸ்."

"ஒவ்வொரு நாளும் மௌத்தாகாம உசிரோட வந்திருக்கிறீங்க, அவ்வளவுதான்." அவள் ஓரத்தில் கையை ஊன்றி மூச்சு வாங்கினாள். "அண்ணன், இங்க வாறவங்க பயந்த ஆக்கள். கீழ போனா அவங்களுக்கு ஒண்டும் கேக்காது. பக்கத்தில நிக்கிறவர் என்ன செய்யிறாரோ அதைத்தான் செய்வாங்க. நீங்க அடக்கினா அவங்களும் அடக்குவாங்க. உங்களை வச்சிருக்க ஏலாது."

அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. மூதூர்க்காரனின் கால் நினைவுக்கு வந்தது. நான் ஏறி, சிலிண்டரைக் கழற்றி, சாரத்தைக் கட்டிக்கொண்டு பையை எடுத்தேன். ஏலாது என்று யாராவது சொன்னால் நான் போய்விடுவேன், அது என் பழக்கம். கேட்டுக்கொண்டு நிற்பதைவிட நடப்பது எனக்கு எளிது. கதவுவரை போனேன். வெளியே மழை. திரும்பினால் அந்த நீல வெளிச்சம். பையைக் கீழே வைத்தேன்.

"மிஸ், இன்னொருக்காப் பார்க்கலாமோ?" என்றேன். அந்தக் கேள்வி என் வாய்க்கே புதிது.

அவள் பதில் சொல்வதற்குமுன் ஏணியில் இருந்து கச்சேரி ஐயா வாய் திறந்தார். "குடுத்துப் பாரும் பிள்ளை. எனக்கு மூச்சை வைச்சிருக்கத் தெரியாது, இவருக்கு விடத் தெரியாது. ரெண்டுபேரையும் வெட்டி ஒட்டினா ஒரு முழுச் சுழியோடி தேறும்."

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு மறுக்க அவளால் முடியவில்லை.

"சரி. ஒரே ஒருக்கா. அடியில இருந்து மேல வரும்வரைக்கும் குமிழி நிக்கக்கூடாது. நிண்டா, பையைத் தூக்கிற்றுப் போகலாம். பாட்டுப் பாடுங்க, அப்பதான் மூச்சு அடங்காது."

"தண்ணிக்குள்ளயோ?"

"ரெகுலேட்டரைக் கடிச்சிக்கிட்டே. தொண்டையில சத்தம் வந்தா காத்தும் வெளியில வரும்."

"எனக்குப் பாட்டு வராது மிஸ்."

"வாய்ப்பாடு சொல்லுங்க அப்ப."

"ஏழாம் வாய்ப்பாட்டோட பள்ளிக்கூடத்தை விட்டனான். அது பாதியில முடிஞ்சிரும்."

"மனப்பாடமா ஒண்டுமே தெரியாதா உங்களுக்கு?"

யோசித்தேன். ஒன்றே ஒன்று தெரியும். ஒரு வருடம் புல்மோட்டை பஸ்ஸில் கொண்டக்டராக நின்றிருக்கிறேன். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு ஒரு நாளைக்கு எட்டுத் தரம் கத்தியதை நித்திரையிலும் சொல்வேன். அதை அவளிடம் சொல்லவில்லை, சொல்ல வெட்கமாக இருந்தது.

மறுபடி இறங்கினோம். இந்தத் தடவை கதிரையில் உட்காரவில்லை. அடியில் நின்று, அவள் பெருவிரலைத் தூக்கியதும் தொடங்கினேன்.

"புல்மோட்டை, புல்மோட்டை, புல்மோட்டை!"

ரெகுலேட்டருக்குள் அது சொல்லாக வரவில்லை. பானைக்குள் எருமை கத்துவதுபோல் வந்தது. ஆனால் குமிழி வந்தது. கொட்டிக்கொண்டு வந்தது. மிஸ்ஸின் கண்கள் கண்ணாடிக்குள் வட்டமாகின. நான் காலை மெதுவாக அடித்து உயர்ந்தேன். "திரியாய் எல்லாம் இறங்கு!" ஒரு மூச்சு இழுத்தேன். "குச்சவெளி, குச்சவெளி!" இழுத்ததைப் பூட்டச் சொல்லி நெஞ்சு ஒருக்கால் கேட்டது. ஒட்டகத்துக்கு அதுதான் பழக்கம். நான் "கும்புறுப்பிட்டி!" என்று அதன் தலையில் போட்டேன். "இறக்கக்கண்டி, பின்னுக்குப் போங்கோ, பின்னுக்குப் போங்கோ!" அங்கே பஸ்ஸில் எப்போதும் நெரிசல், அதனால் அந்த இடத்தில் குமிழியும் நெரிசலாக வந்தது. "நிலாவெளி!" ஐந்து மீற்றரில் நின்று ஓய்வெடுக்க வேண்டும் என்று மிஸ் கையால் தடுத்தாள். பஸ்ஸும் நிலாவெளியில்தான் தேத்தண்ணிக்கு நிற்கும். நின்ற இடத்தில் ஆள் கூப்பிட்டேன். "வாங்கோ, வாங்கோ, டவுன், டவுன், சீற் இருக்கு!" பிறகு சாம்பல்தீவு, அலஸ்தோட்டம், உப்புவெளி. "திருகோணமலை, கடைசித் தரிப்பு, எல்லாரும் இறங்குங்கோ!" என்று முடிக்கும்போது என் தலை தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டது.

கச்சேரி ஐயா தண்ணீருக்குள் முகத்தை வைத்து முழுவதையும் கேட்டிருக்கிறார். சொல் விளங்காவிட்டாலும் புல்மோட்டை பஸ்ஸின் ராகம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. ஏணியைப் பிடித்தபடி இருமி இருமிச் சிரித்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

"கொண்டக்டர்! நான் கோபாலபுரத்தில இறங்கவேணும், நிப்பாட்டாமக் கொண்டு வந்திட்டீர்!"

"மணி அடிச்சிருக்கவேணும் ஐயா."

மிஸ் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. மேற்பரப்பில் கடைசிக் குமிழிகள் உடையும்வரை அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஒரு இடத்திலயும் நிக்கல்ல" என்றாள். "நாளைக்குக் காலையில ஏழு மணி. எல்லாருக்கும் முன்னுக்கு வந்து நில்லுங்க. சத்தம் கொஞ்சம் குறைச்சா நல்லம், இங்க ஆக்கள் பயந்து ஓடிருவாங்க."

இரவு பம்பு அறையில் படுத்தேன். பம்பு விடிய விடிய உறுமியது. நான் அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன்.

காலையில் ஏழு மணிக்கு முன்பே கச்சேரி ஐயா வந்துவிட்டார். கந்தோருக்கு அரைநாள் லீவு போட்டிருப்பதாகச் சொன்னார். உடுப்பை இழுத்து மூட நானும் மிஸ்ஸும் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டியிருந்தது. "இண்டைக்குப் பார்ப்பம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முகம் வெளிறியிருந்தது.

"நீங்க முதல்ல போங்க அண்ணன்," என்றாள் மிஸ். "போய் அடியில இரிங்க. வேற ஒண்டும் செய்யவேணாம். அவர் உங்களைப் பார்க்கட்டும்."

நான் இறங்கி, நீல ஓடுகளில் முழங்காலைக் குத்தி உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தேன். மூன்று மீற்றரில் அவர் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார், மிஸ் பக்கத்தில். அவருடைய வாயில் இருந்து குமிழி வரவில்லை. பயத்தில் அவரும் பூட்டிவிட்டார். நான் பெரிதாக ஒன்று இழுத்தேன், பெரிதாக விட்டேன். குமிழிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மேலே ஏறி, அவருடைய தொப்பையில் மோதிப் பிரிந்தன. இன்னொன்று இழுத்தேன், விட்டேன். அவர் குனிந்து என்னைப் பார்த்தார். நான் அவசரப்படவில்லை. இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் அவருடைய காதோரம் ஒரு சிறிய குமிழி கிளம்பியது, பிறகு ஒரு கூட்டம். ஒரு கை ஏணியை விட்டது. யோசித்துவிட்டு மற்றக் கையும் விட்டது.

அவர் பெரிய மூட்டை ஒன்று இறங்குவதுபோல் இறங்கி வந்து, என் முன்னால் முழங்காலில் விழுந்து, இரண்டு கையாலும் என் மணிக்கட்டுகளைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்குள் அவர் கண்கள் நனைந்திருந்தனவா, அது தண்ணீரா என்று சொல்லத் தெரியாது. நான் எடுத்த வேலை அதுதான். மாசி முடியும்வரை, பத்து மீற்றர் ஆழத்தில், பயந்தவர்களுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, அவர்கள் காண மூச்சு விடுவது.